கொல்லைக்கு வந்த கூகையும் ஓர் அட்டைப்பெட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்த ஒரு படத்தைப் பற்றி இதை எழுதுகிறேன். அடிபட்ட ஆந்தை ஒன்றை ஒரு தம்பி இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் தண்ணீர் பாட்டிலை அதன் வாயில் சாய்க்கிறார். சுற்றி ஏழெட்டுப் பேர். அதில் மூன்று பேர் கையில் செல்போன். கீழே ‘நெகிழ வைத்த மனிதநேயம்’ என்று போட்டிருந்தீர்கள். அந்தத் தம்பியின் மனசை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆந்தை அன்றைக்கு ராத்திரியைத் தாண்டியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். அதைப் பற்றிச் செய்தியில் ஒரு வரியும் இல்லை.

நான் திருவாரூர் மாவட்டத்துக்காரி. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பறவைகளைப் பற்றிப் படித்தவள் இல்லை. ஆனால் இரக்கப்பட்டு ஓர் உயிரைக் கொன்ற அனுபவம் எனக்கு உண்டு. ஒன்றல்ல, இரண்டு உயிர். அதனால்தான் படத்தைப் பார்த்ததும் பேப்பரை மடித்து வைக்க முடியவில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் பக்கம் அடித்ததை நீங்களே பக்கம் பக்கமாக எழுதினீர்கள். எங்கள் கொல்லையில் பதினோரு தென்னையில் எட்டு விழுந்தது. விழுந்த மட்டையை இழுத்துப் போடும்போது அணில் கூடு ஒன்று பிய்ந்து, இரண்டு பிள்ளைகள் சேற்றில் கிடந்தன. கண் திறக்கவில்லை. விரல் நீளம்கூட இல்லை. ஊரே இருட்டில் கிடந்தது, எங்களுக்கே சோற்றுக்கு வழி யோசிக்கிற நேரம். ஆனாலும் அந்த இரண்டையும் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. மேலண்டை வீட்டில் கறந்த பாலை வாங்கி, தண்ணீர் கலந்து, பேனாவுக்கு மை போடுகிற ஃபில்லரில் உறிஞ்சி வாயில் விட்டேன். ஒன்று மூக்கு வழியாகப் பாலைக் கக்கியது. குடிக்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் விட்டேன். அது அன்றிரவே போய்விட்டது. இன்னொன்று வயிறு ஊதி, கழிந்து, மறுநாள் காலையில் போனது. புயலில் அடிபட்டது தாங்கவில்லை போலும் என்று சொல்லிக்கொண்டேன். என் வீட்டுக்காரரும் அதையே சொன்னார்.

ஐந்தாறு மாதம் கழித்து, பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டிக்கு ஊசி போட வந்த கால்நடை மருத்துவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் சிரிஞ்சைக் கழுவிக்கொண்டே, “புயல்ல சாவலம்மா. நீங்க பால் கொடுத்துத்தான் செத்துருக்கு” என்றார். அவ்வளவு வெளிப்படையாக யாரும் என்னிடம் பேசியதில்லை. முகம் சுண்டிப்போயிற்று. பிறகு உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். அணில் பிள்ளைக்குப் பசும்பால் ஜீரணமாகாது. கழிய ஆரம்பித்தால் உடம்பில் இருக்கும் நீரும் போய்விடும். நனைந்து சில்லிட்டுப் போன குட்டிக்கு முதலில் தேவை சூடுதான், தீனி இல்லை. உடம்பு சில்லென்று இருக்கும்போது எதைக் கொடுத்தாலும் வயிறு வேலை செய்யாது. ஃபில்லரால் பீய்ச்சினால் அது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகும். மூக்கு வழியாக வந்தது அதுதான். நான் செய்திருக்க வேண்டியதெல்லாம், துணியில் சுற்றி, வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணி போர்த்திப் பக்கத்தில் வைத்து, அதே மரத்தடியில் நாய் பூனைக்கு எட்டாத உயரத்தில் ஒரு கூடையில் விட்டிருக்க வேண்டும். தாய் அணில் தேடி வந்து கவ்விக்கொண்டு போயிருக்கும். மனுச வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பதெல்லாம் சும்மா பேச்சாம். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அளந்து சோறு போட்டவள் நான். யாருக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்று ஒரு நிமிஷம் யோசிக்காமல் போனேனே என்று இன்றுவரை உறுத்துகிறது.

இனி கூகை கதை. கூகையும் ஓர் ஆந்தை இனம்தான். இது இந்தத் தை மாதம், சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது.

காலை ஆறரை இருக்கும். கொல்லையில் காக்காய்ச் சத்தம் தாங்க முடியவில்லை. பாம்பு ஏதோ வந்துவிட்டது என்று கம்பை எடுத்துக்கொண்டு போனேன். கிணற்றடி வாழைக் கன்றுக்குக் கீழே ஒரு கூகை. இதயத்தை வரைந்தாற்போல வெள்ளை முகம், பொன்னிற முதுகு. இறக்கை இரண்டும் தரையில் பரத்திக் கிடந்தன. பதினைந்து இருபது காக்காய் மாறி மாறிக் கொத்தப் பாய்ந்தன. பக்கத்தில் போனதும் தலையைத் தாழ்த்தி அப்படியும் இப்படியும் ஆட்டி, குக்கரில் ஆவி போகிற மாதிரி ‘ஸ்ஸ்ஸ்’ என்றது. இரண்டு தடவைதான். மூன்றாவது தடவை வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. அலகோரத்தில் ரத்தம்.

சத்தம் கேட்டு வேலிக்கு வந்த கீழண்டை வீட்டு அத்தாச்சி, “ஆத்தி, சாக்குருவி! அதத் தூக்கி வாய்க்கால்ல போடு. வீட்டுக்குள்ள கொண்டு போயிறாத” என்றார். எங்கள் பக்கம் கூகைக்கு அதுதான் பெயர். அது அலறினால் அந்தத் தெருவில் ஒரு சாவு விழும் என்பார்கள். என் மாமனார் காலமானபோதுகூட முதல் நாள் அலறியதாக ஒரு கதை உண்டு. அவருக்கு வயசு தொண்ணூற்று இரண்டு. அதைக் கதை சொல்பவர்கள் விட்டுவிடுவார்கள்.

மருத்துவர் சொன்னது எல்லாம் அப்போது ஞாபகம் வந்தது. அவர் சொன்னதில் பாதி, என்ன செய்ய வேண்டும் என்பதைவிட என்ன செய்யக் கூடாது என்பதுதான். பொங்கலுக்கு மருமகள் வாங்கிக் கொடுத்த கிரைண்டரின் அட்டைப்பெட்டி பரணில் இருந்தது. முதலில் அதில் காய் நறுக்கும் கத்தியால் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போட்டேன். உயிரை உள்ளே வைத்துவிட்டு ஓட்டை போடக் கூடாது. அடியில் பழைய வேட்டியை மடித்து விரித்தேன். பிறகு பெரிய துண்டு ஒன்றை எடுத்துப் போய், அதன் தலையோடு சேர்த்துப் போர்த்தினேன். கண் மறைந்ததும் அது அடங்கிவிட்டது. துண்டோடு சேர்த்து, இறக்கை உடம்போடு ஒட்டியிருக்கும்படி அணைத்துத் தூக்கினேன். அதன் அலகுக்குப் பயப்பட வேண்டியதில்லை, காலுக்குத்தான் பயப்பட வேண்டும். ஒரு நகம் துண்டைத் துளைத்து என் கட்டைவிரலில் இறங்கியது. பெட்டிக்குள் விட்டு மூடி, காமிரா அறையில் ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் வைத்து, கதவைச் சாத்தினேன். காமிரா அறை என்றால் எங்கள் ஊரில் சாமான் போடுகிற உள்ளறை. படம் எடுக்கிற இடம் இல்லை. பிறகு சோப்புப் போட்டு நன்றாகக் கையைக் கழுவினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

இந்த அவ்வளவுதான் இருக்கிறதே, அதைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது. அரை மணி நேரத்தில் வாசலில் கூட்டம். ஒருவர் தண்ணீர் காட்டச் சொன்னார். ஒருவர் கோழிக்கறி வாங்கி வரட்டுமா என்றார். மஞ்சளை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவச் சொன்னார் இன்னொருவர். எல்லோருக்கும் ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டும். நான் கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மனிதர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஆறுதல் சொல்லப் போவது போல அதற்கும் சொல்லப் போகிறோம். ஆனால் அதன் கணக்கில் நாம் அதைத் தின்ன வந்த மிருகம். நம் முகத்தை ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் அதன் நெஞ்சு வெடிக்கிற மாதிரி அடித்துக்கொள்கிறது. காயத்தில் சாகாத காட்டுயிர்கள் இந்தப் பயத்திலேயே செத்துப்போவது உண்டு. தண்ணீர் விஷயமும் அப்படித்தான். பறவைக்கு மூச்சுக்குழலின் வாசல் வாய்க்குள், நாக்கு ஆரம்பிக்கிற இடத்திலேயே இருக்கிறது. பாட்டிலைச் சாய்த்தால் நேராக அதற்குள் போகும். உங்கள் படத்தில் நடந்தது அது.

அதற்குள் எதிர் வீட்டுப் பையன், நான் தூக்கும்போது வேலி வழியாக எடுத்த போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டான். நல்ல பையன்தான், பெருமைக்காக வைத்தான். ஒன்பது மணிக்கு அவன் நம்பருக்கு முன்பின் தெரியாத ஒருவர் பேசினார். அமாவாசை வருகிறது, கூகை வேண்டும், உயிரோடு இருந்தால் நல்ல விலை தருகிறேன் என்றாராம். பையனுக்கு வேர்த்துவிட்டது. போனை என்னிடம் கொடுத்தான். “அத வனத்துறைல கொண்டு போயிட்டாங்க” என்று பொய் சொன்னேன். உண்மையில் அப்போது வனத்துறையில் யாரிடமும் நான் பேசியிருக்கவே இல்லை. மாந்திரீகத்துக்கு ஆந்தையைப் பிடித்து விற்பது நம் நாட்டில் இன்னும் நடக்கிறது. அடிபட்ட உயிரின் படத்தை ஊர்ப் பெயரோடு போடுவது, திருடனுக்கு வழி எழுதிக் கொடுப்பதுதான். பத்திரிகைகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

பேசியிருக்கவில்லை என்றேனே, காரணம் நம்பர் கிடைக்கவில்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஆம்புலன்சுக்கு 108, தீயணைப்புக்கு 101, மாட்டுக்கு முடியவில்லை என்றால் 1962. இதெல்லாம் எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். பாம்பு வந்தால் 101-க்கு அடிக்கிறோம். காட்டுயிர் அடிபட்டுக் கிடந்தால் யாருக்கு அடிப்பது? தெருவில் கேட்ட பதினைந்து பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு கால்நடை மருந்தகத்துக்குப் பேசினேன். “நாங்க ஆடு மாடு பாக்குறவங்கம்மா, இதத் தொட்டா எங்களுக்குப் பிரச்சினை” என்றார்கள். பிரச்சினை என்னவென்று கேட்டதற்குப் பதில் இல்லை. வன அலுவலகம் என்று இணையத்தில் போட்டிருந்த ஒரு நம்பர் உபயோகத்தில் இல்லை. இன்னொன்றில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் தீயணைப்பு நிலையத்தில் பேசிய ஒரு புண்ணியவான், “இருங்கம்மா, எங்ககிட்ட வனவர் செல் நம்பர் இருக்கு” என்று தேடிக் கொடுத்தார். அப்போது மணி பன்னிரண்டே முக்கால். ஆறு மணி நேரம்.

எங்கள் வீட்டிலிருந்து வடுவூர் ஏரி ஒன்றும் வெகு தூரமில்லை. 1999-இல் சரணாலயம் ஆனது. 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயமும் அதே பட்டியலில் இருக்கிறது. பறவைக்குப் பேர்போன மாவட்டம் என்று பெருமைப்படுகிறோம். அடிபட்ட ஒரு பறவைக்கு ஒரு நம்பர் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுயிர் அரசாங்கத்துச் சொத்து. அது நம் கையில் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ சொல்லிவிட வேண்டும். சொல்கிறவர் குற்றவாளி இல்லை. சொல்லாமல் வீட்டிலேயே வளர்ப்பதுதான் குற்றம். ‘கேஸ் ஆயிடும்’ என்று பயந்து வாய்க்காலில் தூக்கிப் போடுகிறவர்களும், ‘நாமே வளர்த்துவிடலாம்’ என்று கூண்டு வாங்குகிறவர்களும் இதைத் தெரிந்துகொண்டால் போதும்.

நாலு மணிக்கு வனக்காப்பாளர் வந்தார். சின்ன வயசுப் பையன், மோட்டார் சைக்கிளில். பெட்டியைத் திறக்கவே இல்லை. காதை வைத்துக் கேட்டார். “இவ்ளோ நேரம் யாரும் தொறக்கலையா?” என்றார். இல்லை என்றேன். “தண்ணி கிண்ணி?” என்றார். அதுவும் இல்லை என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நம்பரை வாங்கிக்கொண்டு, பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டினார். நானும் எதிர் வீட்டுப் பையனும் ஒரு காரில் பின்னாலேயே போனோம். எக்ஸ்ரே எடுத்த மருத்துவர் எலும்பு முறிவு இல்லை என்றார். வாய்க்குள் வெளிறியிருந்தது. இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே ரத்தம் கட்டியிருந்தது. காக்காய் கொத்தியதில் இப்படி ஆகாது என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “வீட்ல எலி மருந்து வச்சீங்களா?” என்றார்.

வைத்திருந்தேன்.

நெல் மூட்டை போட்டிருக்கும் கொட்டகையில் எலித் தொல்லை என்று, பத்து நாளுக்கு முன்னால் கடையில் நீலக் கட்டி வாங்கி நாலு மூலையிலும் வைத்தேன். புரோமடியோலோன் என்று உறையில் போட்டிருக்கும். அதைத் தின்ற எலி உடனே சாகாது. ரத்தம் உறைகிற சக்தி போய், உள்ளுக்குள்ளேயே கசிந்து, நாலைந்து நாள் தள்ளாடித் திரிந்துதான் சாகும். தள்ளாடுகிற எலியைப் பிடிப்பது கூகைக்குச் சுலபம். முழுசாக விழுங்கும். எலியின் ஈரலில் இருக்கிற விஷம் கூகைக்கு வரும். அதுவும் அதே மாதிரி உள்ளுக்குள் ரத்தம் கசிந்து கீழே விழும். மருத்துவர் வைட்டமின் கே ஊசி போட்டார். மூன்று வாரமாவது மருந்து கொடுக்க வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். உத்தரத்துக்கு நேர் கீழே, பூனை வாந்தி என்று நினைத்து நான் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்த கறுப்பு உருண்டைகள் நாலைந்து கிடந்தன. ஒன்றை ஈர்க்குச்சியால் பிரித்தேன். மயிரும் எலும்பும். மூன்று எலி மண்டை, பல்லோடு. கஜாவில் பொந்து உள்ள பெரிய மரமெல்லாம் போனபிறகு, அது எங்கள் கொட்டகை உத்தரத்தில்தான் குடியிருந்திருக்கிறது. சம்பளம் வாங்காமல் ராத்திரி வேலை பார்த்த காவல்காரனுக்கு நான் விஷம் வைத்திருக்கிறேன். நீலக் கட்டிகளை அன்றிரவே பொறுக்கி ஆழக் குழி தோண்டிப் புதைத்தேன். இப்போது கொட்டகைக்குக் கிட்டி என்கிற மூங்கில் எலிப்பொறிதான். கிட்டி வைக்கிற பெரியவர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். மூங்கிலை வளைத்து அவர் செய்கிற கிட்டிக்குத் தஞ்சாவூர்க் கிட்டி என்று வெளியூரிலும் பெயர் உண்டு. எலிக்கு இவ்வளவு என்று கூலி. விஷம் மிச்சம் வைக்காத ஆயுதம் அது.

கூகை பிழைத்தது. இருபத்து நாலாம் நாள் பொழுது சாய்ந்த நேரத்தில் அதே வனக்காப்பாளர் கொண்டு வந்தார். எடுத்த இடத்திலேயே விட வேண்டுமாம். புது இடத்தில் விட்டால் அங்கே இருக்கிற கூகை விரட்டும், இரை எங்கே என்று தெரியாது. பெட்டியை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்துத் திறந்தார். கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தது. பிறகு அத்தாச்சி வீட்டு முருங்கைக்குப் போய் உட்கார்ந்தது. தலையைத் திருப்பித் திருப்பிச் சுற்றிலும் பார்த்தது. அடுத்து எப்போது போனது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. இறக்கைச் சத்தமே கேட்கவில்லை. அத்தாச்சி, “என் வீட்டு மரத்துலயா உக்காரணும்?” என்று என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அவர் வீட்டு எலிக்கும் கிட்டி வைக்கச் சொன்னார்.

இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். கூகையும் அணிலும்போல எல்லாவற்றையும் துண்டு போட்டுத் தூக்கிவிட முடியாது. குரங்கு, கீரி, மரநாய், நரி, வௌவால் இவற்றை வெறும் கையால் மட்டுமல்ல, துண்டோடும் தொட வேண்டாம். நாயையும் மற்றவர்களையும் விலக்கி நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ, குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு கால் மணி நேரம் கழுவி, நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடிக்குப் போடுகிற அதே ஊசி, இலவசம்தான். இரண்டாவது, குஞ்சுகள். சித்திரை வைகாசியில் கீழே தத்தித் தத்தி நடக்கிற குஞ்சைப் பார்த்தால் எல்லோருக்கும் அது அநாதை என்று தோன்றுகிறது. இறகு முளைத்துத் தத்துகிற குஞ்சு அநாதை இல்லை, பறக்கப் படிக்கிறது. தாய் மேலே எங்கேயோ இருந்து நம்மைத் திட்டிக்கொண்டிருக்கும். நாயைக் கட்டிப் போட்டுவிட்டு நாம் உள்ளே போய்விட வேண்டும்.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. ஒவ்வொரு கால்நடை மருந்தகத்தின் வெளிச்சுவரிலும், ஊராட்சி அலுவலகத்திலும், ரேஷன் கடையிலும் அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்தின் நம்பரைப் பெரிதாக எழுத வேண்டும். அடித்தால் எடுக்கிற நம்பராக இருக்க வேண்டும். வனத்துறை ஆள் வந்து சேரும்வரை முதலுதவி செய்யலாம், அதற்காக யார் மேலும் கேஸ் வராது என்று கால்நடை மருத்துவர்களுக்கு எழுத்தில் ஒரு வரி கொடுக்க வேண்டும். மருந்துக் கடையில் நீலக் கட்டி விற்கிறவர், அது எலியோடு நிற்காது என்பதை வாயால் சொல்லியாவது விற்க வேண்டும். நீங்கள், ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை இப்படி ஒரு படம் வந்தால் அதன் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டியின் படத்தையும் போடுங்கள்.

எங்கள் ஊர் மருந்தகச் சுவரில் எழுதுவதற்குப் பெயிண்ட்டும் பிரஷ்ஷும் வாங்கி வைத்திருக்கிறேன். எழுதுவதற்கு எதிர் வீட்டுப் பையன் தயார். அனுமதி கேட்டுப் போன மாதம் மனு கொடுத்தேன். ரசீது இருக்கிறது. பதில் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
திருவாரூர் மாவட்டம்.